டிக்கன்ஸைவிட அதிகம் விற்ற ரெயினால்ட்ஸை இங்கே யாராவது படித்திருக்கிறீர்களா?

பழம்பதிப்பு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். பழைய ஆங்கில நாவல்கள் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

ஊரில் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டப்போகிறோம். பரணில் கிடந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். பத்திரக் கட்டுகளுக்கும் பஞ்சாங்கங்களுக்கும் அடியில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம். அட்டை இல்லை. முன்னால் சில தாள்களும் போய்விட்டன. அதனால் புத்தகத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் தெரியவில்லை. பக்கத்துக்கு இரண்டு பத்தி, பொடி எழுத்து. எட்டுப் பக்கத்துக்கு ஒரு தடவை, மேல்பாதியில் ஒரு மரச்செதுக்குப் படம். ஓரிடத்தில் படத்துக்கு முந்தின பக்கம் வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிட்டு, படத்தைத் தாண்டி மீதி தொடர்கிறது. இப்படி ஒரு அச்சை நான் பார்த்ததே இல்லை.

படித்த வரைக்கும் கதை இது. ஒரு குன்றின்மேல் இரண்டு மரங்கள். அண்ணன், தம்பி இருவரும் அங்கே பிரிகிறார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து இதே நாளில் இதே இடத்தில் சந்திப்போம், யார் வாழ்க்கை எப்படிப் போயிற்று என்று அன்றைக்குப் பார்ப்போம் என்று பேச்சு. அப்புறம் சிறைச்சாலை, ஆண் வேடத்தில் வாழும் ஒரு பெண், சுடுகாட்டுப் பிணங்களைத் தோண்டி விற்கும் ஒருவன்.

தாத்தா 1912இல் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். ராத்திரியெல்லாம் லாந்தரை வைத்துக்கொண்டு 'ரெயினால்ட்ஸ்' படிப்பார், மண்ணெண்ணெய் தீர்கிறது என்று மாமனார் சத்தம் போடுவார் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது ஆளின் பெயரா, பத்திரிகையின் பெயரா என்றுகூட அப்போது கேட்கத் தோன்றவில்லை. புத்தகத்தின் ஓரங்களில் தாத்தாவின் பென்சில் எழுத்து இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வடகரை எழுதியது:

ஐயா, உங்கள் கையில் இருப்பது 'லண்டன் மர்மங்கள்'. சந்தேகமே வேண்டாம். குன்றுமேல் பிரிகிறவர்கள் யூஜின் மார்க்கம், ரிச்சர்ட் மார்க்கம். பிணம் தோண்டுகிறவன் அந்தோணி டிட்கின்ஸ். ஆண் வேடத்துப் பெண் எலிசா சிட்னி.

எட்டுப் பக்கக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. அது புத்தகமாக எழுதப்பட்டதே இல்லை. 1844 அக்டோபரிலிருந்து வாரம் ஒரு இதழாக, எட்டுப் பக்கம், ஒரு படம், விலை ஒரு பென்னி என்று தெருவில் விற்றது. எட்டாம் பக்கத்தின் கடைசி வரி எங்கே முடிகிறதோ அங்கே அந்த வாரம் முடிந்தது. மீதி வாக்கியத்துக்கு அடுத்த வாரம் இன்னொரு பென்னி. வருடக் கடைசியில் இதழ்களைச் சேர்த்துக் கட்டினால் உங்களிடம் இருக்கிற மாதிரி ஒரு தொகுதி.

ரெயினால்ட்ஸ் என்பது ஆள்தான். ஜார்ஜ் வில்லியம் மக்கார்தர் ரெயினால்ட்ஸ். 1814இல் கென்ட் மாவட்டத்து சாண்ட்விச் ஊரில் பிறந்தவர். அப்பா கடற்படையில் கேப்டன். பையனை சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் சேர்த்தார்கள். அது அவருக்கு ஒத்துவரவில்லை. பதினாறு வயதிலேயே விட்டுவிட்டுப் பாரிசுக்குப் போய்விட்டார். 1830 ஜூலைப் புரட்சி முடிந்த சூடு ஆறாத பாரிஸ். அந்தச் சூடு அவரைக் கடைசிவரை விடவில்லை. அங்கேயே பத்திரிகை நடத்தினார், சூசன்னா பியர்சனைக் கல்யாணம் செய்தார், கையிலிருந்த காசையெல்லாம் தொலைத்தார். லண்டனுக்குத் திரும்பும்போது இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது, கிட்டத்தட்ட மஞ்சக் கடுதாசி கொடுத்த நிலைமை.

அதே ஆள் 1879 ஜூனில் இறந்தபோது, புத்தக வியாபாரிகளின் பத்திரிகையான 'புக்செல்லர்' அவரைத் தங்கள் காலத்தின் மிகப் புகழ்பெற்ற எழுத்தாளர் என்று எழுதியது. டிக்கன்ஸுக்கும் தாக்கரேக்கும் வாசகர்கள் ஆயிரக்கணக்கில் என்றால் இவருக்கு லட்சக்கணக்கில் என்று சொன்னது. இன்றைக்கு இங்கிலாந்திலேயே பெயரைச் சொன்னால் ஓவியர் ரெயினால்ட்ஸா என்று கேட்பார்கள். இருபது வருடமாக எனக்கு இது ஆறாத விஷயம். அதனால் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.


மேகலா எழுதியது:

நான் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தவள், இப்போது அதையே பாடம் எடுக்கிறேன். டிக்கன்ஸ் மூன்று நாவல் பாடத்தில் இருந்தது. ரெயினால்ட்ஸ் என்ற பெயரை எந்த ஆசிரியரும் உச்சரித்ததில்லை. தற்செயலாக அவருடைய ஓநாய் மனிதன் கதை, 'வாக்னர்', 1975இல் வந்த மறுபதிப்பு ஒன்று கிடைத்துப் படித்தேன்.

வடகரை சார், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாவலில் எரிமலை, தீவு, சாத்தான், ஊமையாக நடிக்கும் பெண், கப்பல் உடைதல் எல்லாம் இருக்கிறது. மனிதர்கள் மட்டும் இல்லை. எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். டிக்கன்ஸில் இரண்டு வரி வந்துபோகிற வேலைக்காரிகூடத் தனியாகப் பேசுவாள். காலம் வடிகட்டியது என்று எடுத்துக்கொள்ள ஏன் நமக்கு மனம் வரவில்லை?


வடகரை எழுதியது:

மேகலா அம்மா, வாக்னர் அவருடைய பலம் இல்லை. அந்தக் கதையை வைத்து அவரை எடைபோட்டால் நானும் உங்கள் பக்கம்தான். மனிதர்களைத் தனித்தனியாகப் பேசவைக்கிற கைவண்ணம் டிக்கன்ஸுடையது, அதில் போட்டியே இல்லை.

ஆனால் 'லண்டன் மர்மங்க'ளில் ரெயினால்ட்ஸ் செய்த வேலை வேறு. முன்னுரையிலேயே சொல்கிறார்: இந்த மாநகரத்தின் நீதி நெடுங்கணக்கில் இரண்டே சொற்கள்தான் உண்டு, எல்லா நற்குணமும் ஒன்றில் அடங்கும், எல்லாத் தீமையும் மற்றதில் அடங்கும். அடுத்தபடி அந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் எதிரெதிராகப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார். 'செல்வம்', 'வறுமை'. நடுவில் ஒரு கோடு.

கதையை நிறுத்திவிட்டுக் கணக்குப் போடுவார். ஒரு அத்தியாயத்தில் நாட்டின் வருமான ஏணி அப்படியே வருகிறது. அரசருக்கு ஆண்டுக்கு 5,00,000 பவுண்டு. பிரபுவுக்கு 30,000. பாதிரியாருக்கு 7,500. நடுத்தர வகுப்பில் ஒருவருக்கு 300. உழைக்கும் வகுப்பில் ஒருவருக்கு 20. கடைசிப் படியில் நிற்கிறவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், பயனிலும் அதிகம், செல்வாக்கிலும் அவர்களே அதிகமாக இருந்திருக்க வேண்டும் என்கிறார். பேய்க்கதைக்கும் பிணக்கதைக்கும் நடுவில் இது. காலணாவுக்குக் கதை கேட்க வந்தவனிடம் இதை யார் அதற்குமுன் சொன்னார்கள்?

பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் ஒரு சாராயக்கடைப் பையன் திருட்டுத்தனமாக நுழைந்து, சோபாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டு விக்டோரியா ராணி பேசுவதைக் கேட்கிறான். அந்தக் காலத்தில் உண்மையாகவே ஒரு பையன் அரண்மனைக்குள் பலமுறை புகுந்து பிடிபட்டான், அதிலிருந்து எடுத்தது. ராணி உயிரோடு சிம்மாசனத்தில் இருக்கும்போது எழுதியது என்பதை நினைவில் வையுங்கள்.


தறிநாடா எழுதியது:

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. அது தெரியாமல் மேகலா அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காது.

அந்தக் காலத்தில் மூன்று தொகுதியாக வரும் புது நாவல் ஒன்றரை கினி, அதாவது முப்பத்தொன்றரை ஷில்லிங். கூலிக்காரன் கனவில்கூட வாங்க முடியாது. பணக்காரர்களே வாங்க மாட்டார்கள், மூடி என்பவர் நடத்திய வாடகை நூலகத்தில் வருடத்துக்கு ஒரு கினி கட்டி எடுத்துப் படிப்பார்கள். டிக்கன்ஸ் மாதாமாதம் பகுதி பகுதியாக வெளியிட்டார், பெரிய மாற்றம்தான். ஆனால் ஒரு மாதப் பகுதி ஒரு ஷில்லிங், முப்பத்திரண்டு பக்கம். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. ரெயினால்ட்ஸின் நான்கு வார இதழ்களைச் சேர்த்தால் அதே முப்பத்திரண்டு பக்கம், இன்னும் நெருக்கமான எழுத்தில், நான்கு பென்னி. மூன்றில் ஒரு பங்கு.

மூடி நூலகம் ரெயினால்ட்ஸை வைத்துக்கொள்ளவில்லை. நூலகத்தில் இல்லாத புத்தகத்துக்குக் கனமான பத்திரிகைகளில் மதிப்புரை வராது. மதிப்புரை இல்லாததை எந்தப் பேராசிரியர் பின்னால் தேடி எடுப்பார்? பென்னி இதழ்களோ, படித்து முடித்ததும் மீன் பொட்டலம் கட்டப் போய்விட்டன.


கடலோடி எழுதியது:

படித்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டுமானால் ஹென்றி மேஹியூவின் லண்டன் உழைப்பாளிகள் பற்றிய நூலைப் பார்க்கலாம். 1850ஐ ஒட்டித் தெருத்தெருவாகப் போய்ப் பேட்டி எடுத்தவர். தள்ளுவண்டியில் பழமும் மீனும் விற்கிறவர்களைப் பற்றி எழுதும்போது ரெயினால்ட்ஸைச் சொல்கிறார்.

அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. சாயங்காலம் வியாபாரம் முடிந்ததும் சந்துக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். படிக்கத் தெரிந்த ஒருவன் உரக்கப் படிப்பான். எல்லாவற்றையும்விட அவர்கள் ஆசையாகக் கேட்டது ரெயினால்ட்ஸின் கதைகளை, அதிலும் 'லண்டன் அரசவை மர்மங்க'ளை. ஒரு மனிதனைத் தொங்கவிட்டு நெருப்பில் வாட்டுகிற மாதிரி படம் போட்டிருந்தால், அவன் யார், என்ன செய்தான் என்று தெரிந்துகொள்ளாமல் சிலருக்குப் பைத்தியமே பிடித்துவிடுமாம்.

எனக்கு மறக்க முடியாத இடம் ஒன்று உண்டு. படித்துக்காட்டுகிறவர் ஒரு பிரபு வீட்டுக் காட்சியைப் படிக்கிறார். வெனிஷியா டிரெலானி என்ற அழகி கன்னம் சிவக்க, கண் மின்ன, சாய்வு நாற்காலியில் வந்து விழுகிறாள். கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் பொறுக்க மாட்டாமல் வாய்விட்டுக் கத்துகிறது. பெரிய மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள், நம்மிடம் இதெல்லாம் கிடையாது என்று. நாம் கட்டுகிற வரி போகிற வழி இதுதான் என்று ஒரு பெண் குரல் கொடுக்கிறாள்.

நம் ஊரில் தெருக்கூத்துப் பார்க்கிறவர்கள் துச்சாதனனைத் திட்டுவது போல, கதைக்குள் புகுந்து பேசுகிற வாசகர்கள் அவர்கள். டிரஃபால்கர் சதுக்கத்தில் அவருக்குத் துணை நின்றோம், மறுபடியும் நிற்போம் என்று மேஹியூவிடம் சொல்லியிருக்கிறார்கள்.


பழம்பதிப்பு எழுதியது:

படிக்கப் படிக்க எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. டிரஃபால்கர் சதுக்கத்தில் என்ன நடந்தது?


தறிநாடா எழுதியது:

1848 மார்ச் 6. பிரான்சில் மன்னர் விரட்டப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. லண்டனில் வருமான வரியை எதிர்த்து சார்லஸ் காக்ரேன் என்பவர் கூட்டம் அறிவித்தார். நாடாளுமன்றம் நடக்கும்போது பக்கத்தில் கூட்டம் போடுவது சட்டவிரோதம் என்று போலீஸ் சொன்னதும் அவர் பின்வாங்கிவிட்டார். ஆனால் ஜனம் வந்து நின்றுவிட்டது. ரெயினால்ட்ஸ் ஏறித் தலைமை ஏற்றார். அதுவரை அவர் மேடை ஏறிய அரசியல்வாதி இல்லை. வரியைப் பற்றிப் பேசவேண்டிய கூட்டத்தில் அந்தப் புதிய பிரெஞ்சுப் புரட்சியை வாழ்த்திப் பேசினார். கூட்டம் முடிந்து போலீசுடன் கைகலப்பு. நெல்சன் தூணைச் சுற்றியிருந்த பலகை வேலியைப் பிய்த்துப் போட்டார்கள். ஒரு கூட்டம் ரெயினால்ட்ஸை வெலிங்டன் தெருவில் இருந்த வீடுவரை கொண்டுபோய் விட்டது. பால்கனியில் நின்று மறுபடியும் பேசினார். கலவரம் அடங்க இரண்டு மூன்று நாள் ஆனது.

அடுத்த மாதம் ஏப்ரல் 10, கெனிங்டன் திடலில் சார்ட்டிஸ்டுகளின் பெருங்கூட்டம். அங்கேயும் பேசினார். ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு, ரகசிய வாக்குச்சீட்டு, சொத்து இல்லாதவனும் நாடாளுமன்ற உறுப்பினராகலாம், இவையெல்லாம் அந்த இயக்கத்தின் கோரிக்கைகள். 1850 மே மாதம் 'ரெயினால்ட்ஸ் வீக்லி நியூஸ்பேப்பர்' தொடங்கினார். அந்தப் பத்திரிகை பெயர் மாறி, கை மாறி, 1967வரை வந்தது. நாவல்கள் மறைந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகும் இங்கிலாந்துத் தொழிலாளி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பெயர் இருந்தது.

பிள்ளைகளுக்கு அவர் வைத்த பெயர்களைப் பாருங்கள்: கோசுத் மாசினி, லெட்ரு ரோலின். ஹங்கேரி, இத்தாலி, பிரான்ஸ் புரட்சிக்காரர்களின் பெயர்கள். நம் வீடுகளில் லெனின், ஸ்டாலின் என்று வைத்த மாதிரிதான்.


மேகலா எழுதியது:

தறிநாடா தம்பி, இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூடவே இருந்த சார்ட்டிஸ்டுகள் எல்லோரும் அவரை நம்பவில்லை. அவர்களில் ஒருவரான எர்னஸ்ட் ஜோன்ஸ் அவர்மேல் 1859இல் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார். கார்ல் மார்க்ஸ்கூட ஒரு கடிதத்தில் ரெயினால்ட்ஸைப் பணம் பண்ணத் தெரிந்த போக்கிரி என்கிற தொனியில்தான் எழுதுகிறார். ஏழைகளின் கோபத்தை விற்றுப் பணக்காரர் ஆனவர் என்ற குற்றச்சாட்டு அன்றைக்கே இருந்தது.

இன்னொன்று. பெண்களை வர்ணிக்கும் இடங்கள் எனக்குக் கஷ்டமாக இருந்தன. கற்பு போன பெண்ணுக்காக ஒரு பக்கம் அழுகிறார், மறுபக்கம் அவளுடைய தோளையும் மார்பையும் ஒரு பத்தி முழுக்க எழுதுகிறார். உங்கள் தாத்தா காலத்தில் பெரியவர்கள் ரெயினால்ட்ஸ் என்றால் முகம் சுளித்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும்.


தறிநாடா எழுதியது:

அக்கா, இரண்டுமே உண்மை. மறுக்க மாட்டேன். அவர் பணம் சம்பாதித்தார், கடைசியில் வசதியாகவே வாழ்ந்தார்.

ஆனால் 'தையல்காரி' என்று ஒரு நாவல் எழுதினார், 1850இல். வர்ஜினியா என்ற பெண் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரு ஆடை தைக்கிறாள். கூலியாக மூன்றரை ஷில்லிங் கிடைக்கிறது. அந்த ஆடையைப் பின்தொடர்ந்து கதை போகிறது. ஒரு இடைத்தரகி கையிலிருந்து இன்னொரு இடைத்தரகிக்கு, அங்கிருந்து கடைக்கு, கடையிலிருந்து நாகரிக ஆடையகத்துக்கு, கடைசியில் ஒரு சீமாட்டிக்கு. கை மாற மாற விலை ஏறுகிறது. நடுவில் யாரும் ஒரு ஊசிகூடக் குத்தவில்லை. நான் ஈரோட்டுப் பக்கம் தறி ஓட்டுகிற வீட்டில் பிறந்தவன். அம்மா நெய்த சேலையைக் கடைக் கண்ணாடியில் விலைச்சீட்டோடு பார்த்திருக்கிறேன். இதை எழுதியவன் பணத்துக்காக எழுதினானா, மனசாட்சிக்காக எழுதினானா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.


வடகரை எழுதியது:

டிக்கன்ஸோடு இருந்த பகையைச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது.

ஆரம்பம் 1837. டிக்கன்ஸின் 'பிக்விக்' நாவல் இங்கிலாந்தையே கலக்கிய வருடம். ரெயினால்ட்ஸ் அப்போது 'மந்த்லி மேகசின்' ஆசிரியர். டிக்கன்ஸின் முதல் கதை 1833இல் வெளிவந்த அதே பத்திரிகை. அதில் அந்த நாவலின் நாயகன் பிக்விக்கைத் தூக்கிக்கொண்டுபோய் பிரான்சில் இறக்கி, 'வெளிநாட்டில் பிக்விக்' என்று தொடர் எழுதினார். கதாபாத்திரத்துக்குக் காப்புரிமை என்று அன்றைக்குச் சட்டம் இல்லை. நன்றாக விற்றது. டிக்கன்ஸ் கொதித்துப்போனார், அதில் நியாயமும் இருக்கிறது.

1850 மார்ச்சில் டிக்கன்ஸ் 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்' தொடங்குகிறார். முதல் இதழின் முன்னுரையிலேயே, கீழ்மக்களின் கேவலமான உணர்ச்சிகளுக்குத் தரகு வேலை செய்கிறவர்கள் என்று சிலரைச் சாடுகிறார். பெயர் சொல்லவில்லை. ரெயினால்ட்ஸைத்தான் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ரெயினால்ட்ஸ் சும்மா இருப்பாரா? பிரபுக்களின் அங்கியைப் பிடித்துத் தொங்குகிறவர், சாப்பாட்டுக்கு வழியில்லாமல் வரிக்கு ஒரு பென்னி வாங்கி எழுதியவர் என்று தன் பத்திரிகையில் திருப்பிக் கொடுத்தார்.

இந்தச் சண்டையில் எனக்குப் பிடித்த விவரம் முகவரிதான். ரெயினால்ட்ஸ் அலுவலகம் வடக்கு வெலிங்டன் தெரு, 7ஆம் எண். டிக்கன்ஸ் அலுவலகம் அதே தெரு, 16ஆம் எண். தினமும் ஒருவர் வாசலை மற்றவர் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். இன்றைக்கு அந்தத் தெருவில் டிக்கன்ஸுக்கு நினைவுப் பலகை இருக்கிறது.


ஆசிரியர்_நல்லூர் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். நீங்கள் எல்லோரும் இங்கிலாந்தையே சொல்கிறீர்கள். ரெயினால்ட்ஸின் எழுத்து மெய்யாகவே உயிரோடு இருந்த இடம் இந்தியாதான் என்பதை ஒருவரும் சொல்லவில்லையே.

மறைமலையடிகள் எழுதிய 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1911இல் வந்தது. அது ரெயினால்ட்ஸின் 'லைலா, மிங்ரேலியாவின் விண்மீன்' என்ற நாவலின் தழுவல். ஜார்ஜியா நாட்டு மலைகளில் நடக்கிற கதையை அடிகள் நாகநாட்டுக்குக் கொண்டுவந்தார். தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மனிதர் கைவைத்த ஆங்கிலக் கதை, லண்டனில் கௌரவமான வீடுகளுக்குள் நுழைய முடியாத எழுத்தாளருடையது. நான் மாணவனாக நாகநாட்டரசியை ஆசையாகப் படித்தேன். பின்னால் மூலத்தைத் தேடப் போன இடத்தில்தான் ரெயினால்ட்ஸ் என்ற பெயர் அறிமுகம்.

அப்புறம் ஆரணி குப்புசாமி முதலியார். 'ஆனந்தபோதினி' ஆசிரியராக இருந்தவர். ரெயினால்ட்ஸ் நாவல்களை ஆட்களுக்கும் ஊர்களுக்கும் தமிழ்ப் பெயர் வைத்துத் தழுவி எழுதினார். நம்முடைய பாட்டன், பாட்டிமார் துப்பறியும் கதை என்று படித்தவற்றில் எத்தனையோ, வேர் தேடிப்போனால் அந்த ஒரு பென்னி இதழில் போய் நிற்கும். வங்காளியிலும் உருதுவிலும் இந்தியிலும் மராத்தியிலும் இதே கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்திய நூலகங்களின் கணக்குகளை ஆராய்ந்த பிரியா ஜோஷி, இங்கே மிக அதிகம் விரும்பிப் படிக்கப்பட்ட ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸ்தான் என்று காட்டியிருக்கிறார்.

தழுவலைத் திருட்டு என்று பின்னால் வந்தவர்கள் ஏசினார்கள். ஆனால் பாருங்கோ, ரெயினால்ட்ஸே டிக்கன்ஸிடம் பிக்விக்கை எடுத்தவர். 'லண்டன் மர்மங்கள்' என்கிற எண்ணமே பிரெஞ்சுக்காரர் யூஜின் சூ எழுதிய 'பாரிஸ் மர்மங்க'ளிலிருந்து வந்தது. எங்கட ஆட்கள் அவரிடமிருந்து எடுத்தார்கள். கதை கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது.


கடலோடி எழுதியது:

வாத்தியார் ஐயா, நாகநாட்டரசி விஷயம் எனக்குப் புதிது. நன்றி.

ஆங்கிலேயன் ஆண்ட நாட்டில் அவரை இப்படி விழுந்து விழுந்து படித்ததற்குக் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நம் ஆட்களுக்குக் காட்டிய இங்கிலாந்து ஷேக்ஸ்பியரும் மில்டனும் நீதியும் ஒழுங்கும். ரெயினால்ட்ஸ் காட்டிய இங்கிலாந்தில் பிரபு திருடன், நீதிபதி லஞ்சம், இளவரசன் சூதாடி, உழைக்கிறவன் பட்டினி. துரைகள் ஊரில் என்ன நடக்கிறது என்று ஒரு துரையே வந்து சொன்ன மாதிரி இருந்திருக்கும். பகலில் கலெக்டர் முன்னால் கைகட்டி நின்ற குமாஸ்தா ராத்திரி அதைப் படிக்கும்போது மனதில் என்ன ஓடியிருக்கும்!


மேகலா எழுதியது:

கடலோடி சொன்னது என்னை யோசிக்க வைக்கிறது. சரி, நான் வாக்னரை வைத்துப் பேசியது அவசரம்தான். 'லண்டன் மர்மங்கள்' முழுப் பதிப்பும் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் அமெரிக்காவில் மறுபடி அச்சாகியிருக்கிறது என்று தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வரவழைக்கப்போகிறேன். நடை தட்டை என்ற என் கருத்து மாறுமா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த பருவத்தில் டிக்கன்ஸ் நடத்தும்போது அந்த வருமான ஏணிப் பக்கத்தை நகல் எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுப்பேன்.


பழம்பதிப்பு எழுதியது:

நான்கு நாளாக இங்கே வரவில்லை. புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கங்கள் நல்லவேளையாக இருக்கின்றன. 1843 ஜூலை 10, அந்தக் குன்றுக்கு ரிச்சர்ட் வருகிறான், இப்போது இளவரசன். யூஜினும் வந்துவிடுகிறான். ஊரை ஏமாற்றிப் பணம் சேர்த்து, எல்லாவற்றையும் தொலைத்து, பழைய வேலைக்காரன் கையால் குத்துப்பட்டு, சாகிற தறுவாயில். மேகலா அம்மா சொன்ன தட்டையான நடை எனக்கும் தெரிந்தது. ஆனாலும் அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது.

வடகரை சொன்ன ஏணியையும் தேடினேன். இருக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் தாத்தாவின் பென்சில் எழுத்து மிக அழுத்தமாக விழுந்திருக்கிறது. முதலில் எனக்கு விளங்கவில்லை, ஏதோ வீட்டுச் செலவுக் கணக்கு என்று நினைத்தேன். 35ஐ 12ஆல் பெருக்கி 420. அதைப் பதினைந்தால் வகுத்து 28.

பவுண்டுக்குப் பதினைந்து ரூபாய் அன்றைய மாற்று. முப்பத்தைந்து ரூபாய் அவருடைய மாதச் சம்பளம். உழைக்கும் வகுப்பு, 20 பவுண்டு என்ற வரிக்கு நேர் மேலே, நடுத்தர வகுப்பின் 300க்கு வெகு கீழே, ஒரு சின்னக் கோடு போட்டு அதன் பக்கத்தில் தமிழில் 'நான்' என்று எழுதியிருக்கிறார்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து நாளைக்கு இங்கே போடுகிறேன். தாள் உதிர்கிறது, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு மெதுவாகத்தான் பிரிக்க வேண்டும்.